பூஜ்யம் நல்லதா, கெட்டதா? மார்பகப் புற்றுநோய் ஸ்கிரீனிங்கில் வரும் பொய் பாசிட்டிவ்

“பூஜ்யம் என்றால் நல்லதா, கெட்டதா?”

அக்கா போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். வயது 47. உடம்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அலுவலகத் தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து முழு உடல் பரிசோதனைக்குப் போனார்கள், இவரும் போனார். சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எல்லாம் முடிந்த பிறகு மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் எடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பைராட்ஸ் 0’ என்று இருந்தது. பூஜ்யம் என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடலாம் என்று அத்தான் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தில் பரிசோதனை மையத்திலிருந்து அழைப்பு: இடது பக்கம் இன்னும் சில படங்கள் எடுக்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள். கல்லூரியில் படிக்கும் மகள் கைப்பேசியில் எதையெதையோ தேடிப் படித்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அத்தான் நினைத்ததும் தவறு, மகள் நினைத்ததும் தவறு. பைராட்ஸ் என்பது மார்பகப் படங்களைப் படிக்கும் டாக்டர்கள் எல்லோரும் ஒரே மொழியில் ரிப்போர்ட் எழுதுவதற்காக அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த எண் வரிசை. அதில் 1 என்றால் சொல்லும்படி எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கில்லாதது. 3 என்றால் அநேகமாகத் தீங்கில்லாதது, புற்றுநோயாக இருக்க நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வாய்ப்பில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். 4 சந்தேகம், சதைப் பரிசோதனை (பயாப்ஸி) தேவை. 5 புற்றுநோய்க்கான வாய்ப்பு மிக அதிகம். 6 ஏற்கெனவே உறுதியானது. பூஜ்யம் இந்த வரிசைக்குள் சேராமல் தனியாக நிற்கிறது. ‘இந்தப் படத்தை மட்டும் வைத்து என்னால் முடிவு சொல்ல முடியவில்லை, இன்னொரு படம் வேண்டும்’ என்பதுதான் அதன் பொருள். தேர்வுத்தாள் பாதி திருத்தப்பட்ட நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘பைராட்ஸ் 4’ என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ‘நாலாம் ஸ்டேஜ்’ என்று எண்ணி ஒடிந்துபோகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஸ்டேஜ் என்பது புற்றுநோய் உறுதியான பிறகு அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கான கணக்கு. பைராட்ஸ் 4 என்பது வெறும் சந்தேகத்தின் அளவு. அந்தச் சந்தேகமும் நூற்றுக்கு 2 முதல் 95 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், அதையே 4ஏ, 4பி, 4சி என்று பிரித்து எழுதுவதும் உண்டு.

திங்கட்கிழமை வரை ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் அக்கா பீரோவைத் திறந்து எந்த நகை யாருக்கு என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைத்துவிட்டார். அதை நான் பல மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை அந்த இடத்தை மட்டும் அழுத்தி ஒரு படம் எடுத்தார்கள், பிறகு அல்ட்ராசவுண்ட். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினாராம்: கறுப்பாக, வழுவழுப்பான விளிம்போடு ஒரு சிறு வட்டம். நீர்க்கட்டி. அந்த வயதில் சர்வசாதாரணம். வீட்டுக்குப் போகலாம்.

இப்படிப் புற்றுநோய் இல்லாத ஒருவரிடம் பரிசோதனை ‘சந்தேகம்’ என்று விரல் நீட்டுவதைத்தான் பொய் பாசிட்டிவ் என்கிறார்கள். புத்தகத் தமிழில் தவறான நேர்மறை. ஊரெல்லாம் நேர்மறையாக இருக்கச் சொல்லிப் பாடம் எடுக்கும் காலத்தில், ஆஸ்பத்திரியில் மட்டும் அந்தச் சொல் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

மெஷின் கோளாறு, டாக்டருக்கு அனுபவம் போதாது, காசு பிடுங்குகிறார்கள் என்று உடனே தீர்ப்பு சொல்வது நம் வழக்கம். சில இடங்களில் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நல்ல மெஷின், கைதேர்ந்த டாக்டர், நேர்மையான ஆஸ்பத்திரி என்று எல்லாம் சரியாக இருந்தாலும் மறுபடி அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. காரணம் கணக்கில் இருக்கிறது. கூட்டல் கழித்தல் போதும்.

ஒரு கல்யாண மண்டபத்தில் 1,000 பெண்கள்

பெரிய கல்யாண மண்டபம் ஒன்றில் 1,000 பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் நடுவயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். யாருக்கும் கட்டி, வலி என்று எந்தப் புகாரும் இல்லை. எல்லோருக்கும் இன்று மேமோகிராம்.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஸ்கிரீனிங் மேமோகிராம்களை, அதாவது அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுத்த படங்களை, வைத்துப் போட்டு 2017-இல் வெளியான கணக்கை எடுத்துக்கொள்வோம். அதன்படி இந்த மண்டபத்தில் தனக்கே தெரியாமல் புற்றுநோயோடு உட்கார்ந்திருப்பவர்கள் சுமார் 6 பேர். மேமோகிராம், இருக்கும் புற்றுநோயில் நூற்றுக்கு 87-ஐப் பிடிக்கும். ஆக 6 பேரில் 5 பேரை அது கண்டுகொள்ளும், ஒருவரைத் தவறவிடும். மோசமில்லை.

இனி மீதமுள்ள 994 பேர். இவர்களுக்கு நோய் இல்லை. நோய் இல்லாதவரைப் பார்த்து ‘இல்லை’ என்று சரியாகச் சொல்வதில் மேமோகிராமின் மதிப்பெண் நூற்றுக்கு 89. பள்ளியில் யாராவது 89 எடுத்தால் மெச்சிக்கொள்வோம். ஆனால் இங்கே மீதி 11 என்பது 994 பேரில் 11 சதவீதம். அதாவது சுமார் 110 பேர்.

இப்போது மைக்கைப் பிடித்து, சந்தேகம் வந்தவர்கள் எல்லோரும் மேடைக்கு வாருங்கள் என்று அழைத்தால் 115 பேர் எழுந்து வருவார்கள். அவர்களில் உண்மையாகவே புற்றுநோய் உள்ளவர்கள் 5 பேர். 23 பேருக்கு ஒருவர். மேடையில் நிற்கும் மற்ற 110 பேரும் அந்த வாரம் என் அக்காவைப் போல டைரியில் நகைக் கணக்கு எழுதப்போகிறவர்கள்.

இதில் மெஷின் எந்த ஏமாற்று வேலையும் செய்யவில்லை. நோயுள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. நோயில்லாதவர்களோ மண்டபம் நிறைய. பெரிய கூட்டத்தின் சிறு பகுதியும் சிறு கூட்டத்தின் பெரும் பகுதியை விழுங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

‘87 சதவீதம் சரியாகப் பிடிக்கும்’ என்று கேட்டவுடன், எனக்குப் பாசிட்டிவ் வந்தால் எனக்கு 87 சதவீதம் புற்றுநோய் என்றுதான் மனம் கணக்குப் போடும். நோய் இருந்தால் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு ஒன்று. பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு வேறொன்று. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று ஆகிவிடாது, தண்ணீர் லாரி போயிருக்கலாம்.

இது பாமரர் மட்டும் சறுக்கும் இடம் என்று எண்ண வேண்டாம். டேவிட் எடி என்ற அமெரிக்க மருத்துவர் 1982-இல் இதே மாதிரி ஒரு மேமோகிராம் கணக்கைப் பற்றி எழுதினார். நூற்றில் ஒருவருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பாசிட்டிவ் வந்தால் அவருக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு என்ன? கேட்கப்பட்ட டாக்டர்கள் நூறு பேரில் ஏறத்தாழ 95 பேர் 75 சதவீதத்தை ஒட்டிய விடை சொன்னார்கள். சரியான விடை 8 சதவீதம்கூட இல்லை. கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் கெர்ட் கிகெரென்சர் என்ற உளவியலாளர் 160 மகப்பேறு மருத்துவர்களிடம் இதே போன்ற கேள்வியை வைத்தார். ஐந்தில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். பிறகு சதவீதங்களைத் தள்ளிவைத்துவிட்டு ‘1,000 பெண்களில் இத்தனை பேர்’ என்று தலை எண்ணிக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார். சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 87 ஆனார்கள். மண்டபத்தை நான் வாடகைக்கு எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

மண்டபத்தை மாற்றினால் விடையும் மாறும். இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம், வயது வித்தியாசத்தைச் சமன் செய்து பார்த்தால், வட அமெரிக்காவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே மெஷின், அதே டாக்டர். ஆனால் மண்டபத்தில் 6 பேருக்குப் பதில் 2 பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதே 112. உண்மையில் நோயுள்ளவர்கள் அதிகபட்சம் இரண்டே பேர். நோய் அரிதாகும்தோறும் பாசிட்டிவின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும்.

இதற்கு மெஷின்கூடத் தேவையில்லை என்று காட்டியது பக்கத்து மாநிலம். 2006-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 30 முதல் 69 வயது வரையிலான பெண்களின் மார்பகங்களைக் கையால் தொட்டுச் சோதித்தார்கள். எக்ஸ்ரே இல்லை, கணினி இல்லை, விரல் நுனிகள் மட்டும். சோதிக்கப்பட்டவர்கள் 50,366 பேர். சந்தேகம் என்று மேல்பரிசோதனைக்குச் சொல்லப்பட்டவர்கள் 2,880 பேர். புற்றுநோய் உறுதியானது 30 பேருக்கு. 96 பேரை அனுப்பினால் ஒருவர். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 94 பேரை அந்த விரல்கள் சரியாகவே ‘இல்லை’ என்றன. அமெரிக்க மேமோகிராமைவிடவும் நல்ல மதிப்பெண். இருந்தும் 96-க்கு ஒன்று. இன்னொரு பக்கம், இருந்த புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியைத்தான் அந்த விரல்களால் பிடிக்க முடிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு தப்பான முடிவுக்கு வந்துவிடக் கூடாது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கணக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். தொட்டால் மார்பகத்தில் கட்டி தட்டுப்படுகிறது, காம்பு உள்ளிழுக்கிறது, காம்பிலிருந்து ரத்தம் கசிகிறது, தோல் ஆரஞ்சுத் தோல் போல் குழி விழுகிறது என்றால் நீங்கள் வேறு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே 1,000 பேரில் 100 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதே மெஷின் 87 பேரைச் சரியாகவும் 99 பேரைத் தவறாகவும் அழைக்கும். 23-க்கு ஒன்று என்றிருந்தது, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை நெருங்கிவிடும். அந்த மண்டபத்தில் இருப்பவர்கள் ‘பொய் பாசிட்டிவ்தான் இருக்கும்’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

படம் ஏன் ஏமாற்றுகிறது

மேமோகிராம் என்பது எக்ஸ்ரேதான். மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சில நொடிகள் அழுத்துவார்கள். மேலிருந்து கீழாக ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக ஒன்று, ஆக இரண்டு பக்கத்துக்கும் நான்கு படங்கள். அழுத்துவது உள்ளே இருக்கும் திசுக்களைப் பரப்பி விடுவதற்காக. என்னதான் பரப்பினாலும் கனமுள்ள ஒரு பொருளை ஒற்றைத் தாளில் பதிக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று விழத்தான் செய்யும். இரண்டு நல்ல திசுக்கள் குறுக்கே விழுந்து, இல்லாத ஒரு கட்டியைப் படத்தில் காட்டும். அந்த இடத்தை மட்டும் சிறிய தட்டால் அழுத்தி மறுபடி எடுத்தால் ‘கட்டி’ கலைந்துபோகும். திரும்ப அழைக்கப்படும் பலருக்கு நடப்பது இவ்வளவுதான். பல கோணங்களிலிருந்து எடுத்து அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் டோமோசிந்தெசிஸ் என்ற முப்பரிமாண முறை இந்தத் தொல்லையை ஓரளவு குறைக்கிறது.

நிறமும் ஒரு சிக்கல். கொழுப்பு படத்தில் கறுப்பாகத் தெரியும். பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் வெள்ளையாகத் தெரியும். புற்றுநோயும் வெள்ளைதான். வயது கூடக் கூடச் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு கூடுவதால், 60 வயதுப் பெண்ணின் படத்தில் சிறு வெள்ளைப் புள்ளிகூடப் பளிச்சென்று தெரியும். 35 வயதில் படமே வெள்ளையாக இருக்கும். அதில் கட்டியைத் தேடுவது இட்லி மாவுக்குள் விழுந்த தேங்காய்த் துருவலைத் தேடுவது மாதிரி. உள்ளது கண்ணில் படாது, இல்லாதது இருப்பதுபோல் தோன்றும். அக்டோபர் மாதம் பிறந்ததும் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டி, அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாத 30 வயதுக்காரிக்குச் சலுகை விலையில் மேமோகிராம் எடுக்கச் சொல்லும் விளம்பரங்கள் மேல் எனக்குள்ள எரிச்சலுக்கு இதுவே காரணம். அந்த வயதில் நோயும் அரிது, படமும் தெளிவில்லை. பொய் பாசிட்டிவ் விளைவதற்கு இதைவிட நல்ல வயல் கிடைக்காது.

மற்றபடி படத்தில் சந்தேகத்தைக் கிளப்பும் அப்பாவிகளின் பட்டியல் நீளம்: நீர்க்கட்டி, ஃபைப்ரோஅடினோமா என்னும் நார்க்கட்டி, பழைய அடிபட்ட இடத்தில் இறுகிய கொழுப்பு, நிணநீர் முடிச்சு, கால்சியத் துகள்கள். துகள்கள் என்றதும் ஒரு விஷயம். அக்குளிலோ மார்பிலோ போட்ட முகப்பவுடர், அலுமினியம் கலந்த வாசனைப் பூச்சு ஆகியவை எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து கால்சியம் போலவே வேஷம் போடும். பரிசோதனைக்குப் போகும்போது பவுடர் பூசாதீர்கள் என்று சொல்வது அதற்காகத்தான். குளித்துவிட்டு ஒரு கை பவுடரை அள்ளி அக்குளில் அப்பிக்கொள்ளாமல் வெளியே கிளம்பாத நம் ஊரில், இதை ரிசப்ஷனில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். படத்தைப் படிக்கும் டாக்டர் அரண்டவர் இல்லை. ஆனால் அரளுவதற்கு அவருக்குக் காரணம் உண்டு. நூறு பேரை வீணாகத் திரும்ப அழைத்தால் அவரை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு புற்றுநோயைத் தவறவிட்டால் ஆயுளுக்கும் கேட்பார்கள். எது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாட்டுக்கு நாடு இந்தச் சாய்வு மாறுகிறது. பிரிட்டனில் 50 முதல் 71 வயதுக்குள் உள்ள பெண்களை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அரசே அழைத்து மேமோகிராம் எடுக்கிறது. அங்கே நூறு பேரில் 4 பேர்தான் மறுபடி அழைக்கப்படுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது. அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்படுகிறவர்கள் நூற்றுக்கு பத்துப் பதினொரு பேர். பிரிட்டனில் ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்கிறார்கள். படிக்கிறவர் ஆண்டுக்கு 5,000 படங்களையாவது பார்த்திருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி இரண்டு ஆண்டில் 960 போதும். அதோடு அங்கே புற்றுநோயைத் தவறவிட்ட வழக்குகளின் பயமும் சேர்ந்துகொள்கிறது. தொடங்கும் வயது, இடைவெளி எல்லாமும் வேறு என்பதால் இதை வைத்து எந்த நாட்டு டாக்டர் கெட்டிக்காரர் என்று பட்டிமன்றம் நடத்த முடியாது. சந்தேகத்தின் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு என்பது மட்டும் தெரிகிறது. சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் கல் தப்பாது, நல்ல அரிசியும் தங்கும். பெரிதாக்கினால் அரிசி கீழே இறங்கும், கூடவே ஒன்றிரண்டு கல்லும் இறங்கும்.

இப்போது கணினியும் படம் படிக்கிறது. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முதல் முடிவுகள் 2023-இல் வந்தன. செயற்கை நுண்ணறிவின் துணையோடு படித்தபோது டாக்டர்களின் வேலை ஏறக்குறைய 44 சதவீதம் குறைந்தது. பொய் பாசிட்டிவோ, கணினியின் துணையோடு படித்தாலும் துணையில்லாமல் படித்தாலும் அதே அளவில் நின்றது. கூடவில்லை என்பது நல்ல செய்தி. குறையவும் இல்லை.

ஒரு முறை தப்பினால்?

மண்டபக் கணக்கு ஒரு முறை போனதற்கானது. ஸ்கிரீனிங் என்பதோ ஆண்டுதோறும், அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போய்க்கொண்டே இருப்பது. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால் பத்து முறையில் ஒரு தடவையாவது மாட்டுவது விதிவிலக்காக இருக்காது. 40 வயதில் தொடங்கி ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்கும் அமெரிக்கப் பெண்களில், பத்து ஆண்டுக்குள் ஒரு முறையாவது பொய் பாசிட்டிவ் வருகிறவர்கள் 61 சதவீதம் என்று 2011-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தால் 42 சதவீதம். பின்னால் வந்த கணக்குகள் கொஞ்சம் குறைவாகச் சொன்னாலும் சுற்றிச் சுற்றிப் பாதியை ஒட்டித்தான் நிற்கின்றன. தேவையில்லாமல் சதைப் பரிசோதனை வரை போகச் சொல்லப்படுகிறவர்கள் ஆண்டுதோறும் எடுத்தால் நூற்றுக்கு 7, ஓராண்டு விட்டு எடுத்தால் 5.

சதைப் பரிசோதனை என்றால் கத்தி இல்லை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தடித்த ஊசியால் நூல்போல் சதையை எடுப்பார்கள். ஸ்பிரிங் வைத்த கருவி என்பதால் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று ஸ்டேப்ளர் மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்தை முன்பே சொல்லிவைக்காத டாக்டர்களை மன்னிப்பது கஷ்டம். சில நாள் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும். ‘ஊசி பட்டால் புற்று பரவிவிடும்’ என்று நம் பக்கம் ஆழமாக வேரோடிய ஒரு பயம் இருக்கிறது. ஊசி குத்தியதால் உயிருக்கு ஆபத்து கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தில் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

உடம்புக்கு வந்த கஷ்டம் இவ்வளவுதான். மனசுக்கு? டென்மார்க்கில் பொய் பாசிட்டிவ் வந்த பெண்களை மூன்று ஆண்டு பின்தொடர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லி ஆறு மாதம் ஆன பிறகும், மன அமைதி குலைந்ததிலும் வாழ்க்கையைப் பார்க்கும் விதம் மாறியதிலும் அவர்கள் புற்றுநோய் உறுதியான பெண்களுக்கு இணையாக இருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்தும் ஸ்கிரீனிங்கில் எதுவும் வராத பெண்களின் நிலைக்கு அவர்கள் முழுதாகத் திரும்பவில்லை. ‘ஒன்றும் இல்லை என்று சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன’ என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

இதற்குள் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பொய் பாசிட்டிவ் என்றால் முழுப் பொய் என்று தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. ஸ்டாக்ஹோமில் 45,000-க்கும் மேற்பட்ட இத்தகைய பெண்களை நீண்ட காலம் கவனித்ததில், அடுத்த 20 ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. பொய் பாசிட்டிவ் வராதவர்களில் 7 பேருக்கு. இன்று இல்லை என்பது உண்மை. அடுத்த அழைப்பைத் தவறவிடாமல் போக மற்றவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. ஆனால் ஒரு முறை சூடு கண்ட பிறகு திரும்பிப் போகத் தயங்குகிறவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

பொய் பாசிட்டிவோடு அடிக்கடி குழம்பிப்போகும் இன்னொரு சொல் மிகைக் கண்டறிதல். அது வேறு. அங்கே புற்றுநோய் இருப்பது உண்மை. ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பெண்ணின் ஆயுளுக்குள் அது எந்தத் தொந்தரவும் தந்திருக்காது. பொய் பாசிட்டிவில் கடைசியில் உண்மை தெரிந்துவிடுகிறது, வீட்டுக்குப் போகலாம். இதில் யாருக்கும் ஒருபோதும் தெரியாது, சிகிச்சை முழுதும் நடந்துவிடுகிறது. ஸ்கிரீனிங்கால் ஓர் உயிர் காப்பாற்றப்படும்போது இப்படி மூன்று பேர் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளாகிறார்கள் என்று பிரிட்டனில் 2012-இல் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு மதிப்பிட்டது. அந்தக் குழுவே, அழைக்கப்படும் பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றும் சொல்லி, திட்டம் தொடரட்டும் என்றது.

நம் பக்கம் நிலைமை எப்படி? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஐந்தாறு பேர். மொத்த நாட்டுக்கும் மேமோகிராம் என்பது நடக்கிற காரியமில்லை. அரசுத் திட்டம் 30 வயது தாண்டிய பெண்களுக்குச் சுகாதாரப் பணியாளர் கையால் சோதிப்பதைத்தான் சொல்கிறது. அதிலும் பலன் உண்டு: மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு பின்தொடர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கையால் சோதிக்கப்பட்டவர்களில் 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது, 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை. ஆகவே ஒரு பக்கம் தொட்டுப் பார்க்க ஆளில்லாத கிராமம், இன்னொரு பக்கம் 30 வயதிலேயே பேக்கேஜில் மேமோகிராம் எடுக்கும் நகரம். பொய் பாசிட்டிவ் இரண்டாவது கூட்டத்தின் பிரச்சினை. முதல் கூட்டத்துக்கு இந்தக் கட்டுரையைக் காட்டிப் பரிசோதனை வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் பொய் பாசிட்டிவை முழுதாகத் தவிர்க்க முடியாது, கொஞ்சம் குறைக்கலாம். எந்த வயதில் தொடங்குவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைப் பேக்கேஜ் அட்டை சொல்லக் கூடாது. குடும்பத்தில் யாருக்கு இருந்தது, எந்த வயதில் வந்தது என்று கேட்டறியும் டாக்டர் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்காதவர்கள் அது முடிந்த வாரத்தில் போனால் அழுத்தும்போது வலி குறையும். எல்லாவற்றையும்விட முக்கியம் பழைய படங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமே வேண்டும். ஐந்து ஆண்டாக அதே இடத்தில் அதே அளவில் இருக்கும் ஒரு புள்ளியைப் பார்த்து எந்த டாக்டரும் பதற மாட்டார். பழைய படம் இல்லாவிட்டால் அதே புள்ளி இன்று முளைத்ததாகத்தான் தெரியும். முதல் மேமோகிராமில் திரும்ப அழைக்கப்படும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் படமோ சிடியோ கூடவே போக வேண்டும்.

அக்கா தன்னுடையதைப் பட்டுப்புடவைக் கடைப் பை ஒன்றில் போட்டுப் பீரோவின் மேல் வைத்திருந்தார். இந்த முறை போனபோது மறக்காமல் எடுத்துப் போனார், பவுடர் பூசவில்லை. டாக்டர் பழையதையும் புதியதையும் அருகருகே மாட்டி வைத்துப் பார்த்துவிட்டு, அதே நீர்க்கட்டிதான், அப்படியே இருக்கிறது, இனி வழக்கம்போல வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். சாயந்தரம் ரிப்போர்ட் வந்தது. பைராட்ஸ் 2.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாராம். “போன தடவை பூஜ்யம். இந்தத் தடவை இரண்டு. அப்படியென்றால் கூடியிருக்கிறதா?”